மின்சுற்றை அளந்து அறிதல்: ஆறு வோல்ட்டில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு விளக்கு எரியும்போது அதற்குள் போகும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது என்றும், மிஞ்சியதே மறுமுனை வழியாகத் திரும்புகிறது என்றும் பள்ளியில் இயற்பியல் படித்த பலரும்கூட உள்ளூர நம்புகிறார்கள். அது சரியன்று. விளக்கின் ஒரு முனை வழியே எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறதோ அவ்வளவும் மறுமுனை வழியே வெளியேறுகிறது. செலவாவது ஆற்றலே தவிர, மின்னோட்டம் அன்று. இந்த ஓர் உண்மையை நாமே அமைத்த சுற்றில், நம் கையிலுள்ள மீட்டரால் அளந்து பார்த்துவிட்டால், ஓமின் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்க வீட்டு மின்பலகையில் இருக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை எல்லாம் அதனைத் தொடர்ந்து ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். ஆகவே இந்த வழிகாட்டி சூத்திரங்களிலிருந்து தொடங்காமல் அளவீட்டிலிருந்து தொடங்குகிறது.

தேவையான பொருள்கள்

ஏ.ஏ. அளவுள்ள 1.5 வோல்ட் பென்சில் செல்கள் நான்கு, அவற்றைப் பொருத்துவதற்கான செல் ஹோல்டர் ஒன்று, 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்.இ.டி.கள் மூன்று, கால் வாட் மின்தடையாக்கிகளில் 470 ஓம் மூன்று, 1,000 ஓம் இரண்டு, 2,200 ஓம் ஒன்று, பற்றவைக்காமல் கால்களைச் செருகியே சுற்றை அமைக்க உதவும் துளைப்பலகையான ஒரு பிரெட்போர்டு, சில இணைப்புக் கம்பிகள், ஒரு சிறிய ஸ்விட்ச், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை போதும். சென்னையில் ரிச்சி தெருவில் இவை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். பிற ஊர்களில் மின்னணு உதிரிபாகக் கடைகளில் கேட்கலாம். மல்டிமீட்டர் வாங்குவதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றை மட்டும் வாங்குவது பயனற்றது. எல்.இ.டி. எரிகிறதா, இல்லையா என்பதைக் கண் சொல்லிவிடும். ஏன் என்பதை மீட்டர்தான் சொல்லும்.

மின்தடையாக்கியின் மதிப்பை அதன் மேலுள்ள வண்ணப் பட்டைகள் காட்டுகின்றன. மஞ்சள், ஊதா, பழுப்பு என்று வந்தால் 470 ஓம். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். மூன்றும் சிவப்பு என்றால் 2,200 ஓம். இறுதியில் சற்று விலகியிருக்கும் தங்கநிறப் பட்டை, உண்மையான மதிப்பு குறிப்பிட்டதற்கு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. பிரெட்போர்டின் நடுப்பகுதியில் ஐந்தைந்து துளைகள் உள்ளே ஓர் உலோகத் தகட்டால் இணைக்கப்பட்டுள்ளன. ஒரே ஐந்தில் செருகிய கால்கள் அனைத்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதாகவே பொருள். ஓரங்களில் நீளவாக்கில் ஓடும் வரிசைகள் மின்கலத்தின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் உரியவை.

இந்தச் சோதனைகள் அனைத்தும் 6 வோல்ட்டில் மட்டுமே செய்யப்பட வேண்டும். சுவரிலுள்ள மின் இணைப்பில் எதையும் முயலக் கூடாது. காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம். ஈரமான தோலுடைய மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 6 வோல்ட் அதன் வழியே 6 மில்லி ஆம்பியரை மட்டுமே செலுத்த இயலும். உலர்ந்த தோலின் மின்தடை இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் செல் முனைகளைத் தொடும்போது நமக்கு எதுவுமே தெரிவதில்லை. அதே ஈர உடலின் வழியே 230 வோல்ட் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது. செல்போனிலிருந்து கழற்றிய லித்தியம் மின்கலங்களையும் இங்கே பயன்படுத்த வேண்டாம். தவறுதலாக முனைகள் ஒட்டிக்கொண்டால் அவை தீப்பற்றக் கூடியவை.

முதல் படி: மின்னழுத்தத்தை அளத்தல்

மல்டிமீட்டரின் கருப்புக் கம்பியைப் பொதுத் துளையிலும் (COM) சிவப்புக் கம்பியை வோல்ட் குறியுள்ள துளையிலும் செருகி, குமிழை நேர்திசை மின்னழுத்தத்தில் (DC) 20 வோல்ட் அளவுக்குத் திருப்பி, ஒரு செல்லின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். புதிய அல்கலைன் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். இப்போது ஒரு முனையை மட்டும் தொட்டு, மற்றக் கம்பியைக் காற்றில் விடுங்கள். பொருளுள்ள அளவு எதுவும் கிடைக்காது. மின்னழுத்தம் என்பது ஓரிடத்தில் இருக்கும் பொருள் அன்று, இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு என்பது இதன் பொருள். "இந்தக் கம்பியில் எத்தனை வோல்ட்?" என்ற கேள்வி, எதைப் பொறுத்து என்று சொல்லாதவரை முற்றுப்பெறாது. ஒரு கூலும் (மின்னூட்டத்தின் அலகு) மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது எத்தனை ஜூல் ஆற்றலைக் கைமாற்றுகிறது என்பதே அவ்விரண்டுக்கும் இடையிலான வோல்ட் கணக்கு.

நான்கு செல்களையும் ஹோல்டரில் சரியாகப் பொருத்தி அளந்தால் 6 வோல்ட் அல்லது அதைவிடச் சிறிது கூடுதலாக வரும். பிறகு ஒரே ஒரு செல்லை மட்டும் திருப்பிப் போட்டு அளந்து பாருங்கள். நான்கில் ஒன்று குறைந்து 4.5 வோல்ட் வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு மீட்டர் 3 வோல்ட் காட்டும். திருப்பிப் போட்ட செல் சும்மா இருப்பதில்லை. மற்ற மூன்றின் 4.5 வோல்ட்டுக்கு எதிராகத் தன் 1.5 வோல்ட்டைக் கொண்டு தள்ளுகிறது. பார்த்த பின் செல்லைச் சரியான திசைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: முதல் சுற்று

செல் ஹோல்டரின் நேர்முனையிலிருந்து ஸ்விட்ச், அதிலிருந்து 470 ஓம் மின்தடையாக்கி, அதிலிருந்து எல்.இ.டி.யின் நீண்ட கால், அதன் குட்டைக் காலிலிருந்து மீண்டும் செல் ஹோல்டரின் எதிர்முனை என்ற வரிசையில் இணையுங்கள். கால்கள் வெட்டப்பட்டிருந்தால், எல்.இ.டி.யின் விளிம்பு எந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறதோ அது எதிர்முனைக்கு உரிய கால். ஸ்விட்சைப் போட்டால் எல்.இ.டி. ஒளிரும். ஒளிராவிட்டால் முதலில் அதைத் திருப்பிச் செருகிப் பாருங்கள், ஏனெனில் எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை அனுமதிக்கும்.

மின்தடையாக்கி இல்லாமல் எல்.இ.டி.யை நேரடியாக 6 வோல்ட்டில் இணைத்தால் அது நொடிப்பொழுதில் கருகிவிடக்கூடும். சிவப்பு எல்.இ.டி. ஒளிரும்போது அதன் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் நிலைக்கிறது. அதற்கு மேல் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டினாலும் மின்னோட்டம் பல மடங்காகப் பெருகும். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. தொடர்ந்து தாங்கக்கூடியது 20 மில்லி ஆம்பியர் அளவே. எனவே மீதமுள்ள 4 வோல்ட்டை ஏற்றுக்கொண்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மின்தடையாக்கிக்கு வருகிறது. 4 வோல்ட்டை 470 ஓமால் வகுத்தால் 0.0085 ஆம்பியர், அதாவது 8.5 மில்லி ஆம்பியர் கிடைக்கும். உங்கள் மீட்டர் இந்தக் கணக்கை உறுதிசெய்கிறதா என்பதை அடுத்துப் பார்ப்போம்.

மூன்றாம் படி: மின்னோட்டத்தை மூன்று இடங்களில் அளத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

மின்னோட்டத்தை அளக்க மீட்டர் சுற்றுக்குள்ளேயே ஒரு பகுதியாக வேண்டும். மின்னழுத்தத்தை அளக்கும்போது இரு புள்ளிகளை வெளியிலிருந்து தொட்டால் போதும். மின்னோட்டத்தை அளக்கவோ, சுற்றை ஓரிடத்தில் பிரித்து, பிரிந்த இரு முனைகளுக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். சிவப்புக் கம்பியை மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழை 20 மில்லி ஆம்பியருக்குத் திருப்புங்கள். இந்த நிலையில் மீட்டரின் மின்தடை மிகக் குறைவு. ஆகவே மறந்தும் அதைச் செல்லின் இரு முனைகளிலும் நேராக வைக்கக் கூடாது. வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் எரிந்துபோகும்.

முதலில் செல்லின் நேர்முனைக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் பிரித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த இணைப்பைச் சேர்த்துவிட்டு, மின்தடையாக்கிக்கும் எல்.இ.டி.க்கும் இடையில் பிரித்து அளந்து குறியுங்கள். கடைசியாக எல்.இ.டி.க்கும் செல்லின் எதிர்முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள். மூன்று இடங்களிலும் ஒரே எண்தான் வரும். செல்கள் புதியனவாக இருந்தால் அது 8.5 மில்லி ஆம்பியரை ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும். ஒளியைத் தந்த எல்.இ.டி.யும், மின்னழுத்தத்தில் பெரும்பங்கை ஏற்ற மின்தடையாக்கியும் தம் வழியே போன மின்னோட்டத்தில் துளியையும் குறைக்கவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். ஒரு ஆம்பியர் என்பது ஒரு நொடிக்கு ஒரு கூலும் மின்னூட்டம். ஒரு கூலும் என்பது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம். நமது சிறிய சுற்றிலேயே ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 530 கோடி கோடி எலக்ட்ரான்கள் ஒரு புள்ளியைக் கடக்கின்றன. இந்த எலக்ட்ரான்களைச் செல் உண்டாக்குவதில்லை. அவை கம்பியின் தாமிரத்தில் ஏற்கெனவே இருப்பவை. செல் அவற்றைத் தள்ள மட்டுமே செய்கிறது. அவை நகரும் வேகம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் நொடிக்குச் சராசரியாக 0.07 மில்லிமீட்டர் மட்டுமே முன்னேறுகின்றன; ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் தூரத்தைச் சற்றே தாண்டும். அப்படியிருந்தும் ஸ்விட்சைப் போட்ட கணத்தில் விளக்கு எரிகிறது. மிதிவண்டியின் சங்கிலியில் ஒரு கண்ணி நகர்ந்தால் எல்லாக் கண்ணிகளும் அதே நேரத்தில் நகர்வது போல, சுற்று முழுவதிலுமுள்ள எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நகரத் தொடங்குவதே அதற்குக் காரணம். சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதற்காகக் கண்ணிகள் குறைந்துபோவதில்லை. சங்கிலி எங்கே அறுந்தாலும் ஓட்டம் முழுவதும் நின்றுவிடும். இவ்விரண்டு இயல்புகளும் மின்சுற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

திசையைப் பற்றி ஒரு குறிப்பு. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாக வரைபடங்கள் காட்டுகின்றன. எலக்ட்ரான்களோ எதிர்த்திசையில் நகர்கின்றன. நேர், எதிர் என்ற வழக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஏற்படுத்தினார், எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897 ஆம் ஆண்டில். அதற்குள் எல்லா நூல்களும் பழைய வழக்கில் எழுதப்பட்டுவிட்டன. ஒரே வழக்கைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்பற்றினால் கணக்குகளில் எந்த வேறுபாடும் வராது.

அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை மறவாமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மீட்டர்கள் பழுதாவதற்கு இந்த மறதியே பெரும்பாலும் காரணமாகிறது.

நான்காம் படி: மின்னழுத்தம் எங்கே போகிறது?

மின்னோட்டம் குறையவில்லை என்றால் செலவானது எது என்பதை இப்போது அளக்கலாம். சுற்றைப் பிரிக்காமல், மின்தடையாக்கியின் இரு கால்களுக்கும் இடையில் மின்னழுத்தத்தை அளந்தால் 4 வோல்ட்டை ஒட்டி வரும், எல்.இ.டி.யின் இரு கால்களுக்கும் இடையில் 2 வோல்ட்டை ஒட்டி வரும். இரண்டையும் கூட்டினால் செல் ஹோல்டரின் மின்னழுத்தம் கிடைக்கும். செல்கள் ஒவ்வொரு கூலும் மின்னூட்டத்துக்கும் கொடுத்த 6 ஜூலில் 4 ஜூல் மின்தடையாக்கியில் வெப்பமாகவும், 2 ஜூல் எல்.இ.டி.யில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறிவிட்டது என்பதே இதன் பொருள். சுற்றை ஒருமுறை முழுமையாக வலம்வந்தால் ஏற்றமும் இறக்கமும் சமமாகும் என்பதையும், கம்பிகள் சந்திக்கும் புள்ளியில் உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே போகும் மின்னோட்டமும் சமம் என்பதையும் குஸ்டாவ் கிர்க்காஃப் 1845 ஆம் ஆண்டில், தாம் மாணவராக இருந்தபோதே விதிகளாக வகுத்தார். நீங்கள் இப்போது அளந்தவை அவ்விரு விதிகளே.

ஐந்தாம் படி: ஓமின் விதி

எல்.இ.டி.யை அப்படியே வைத்துக்கொண்டு, 470 ஓமுக்குப் பதிலாக 1,000 ஓமை வைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியராகவும், 2,200 ஓமை வைத்தால் 1.8 மில்லி ஆம்பியராகவும் குறையும். மின்தடையாக்கியின் குறுக்கேயுள்ள மின்னழுத்தம், அதன் வழியே போகும் மின்னோட்டத்தையும் அதன் மின்தடையையும் பெருக்கினால் கிடைப்பது என்ற உறவு ஒவ்வொரு முறையும் நிலைத்திருப்பதைச் சரிபார்க்கலாம்.

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் இந்த உறவை 1827 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1800 ஆம் ஆண்டில் வோல்டா அமைத்த மின்கல அடுக்கின் மின்னழுத்தம் பயன்படுத்தும்போதே மாறிக்கொண்டிருந்ததால், அதைக் கொண்டு துல்லியமாக அளக்க ஓமால் இயலவில்லை. அதனால் பிஸ்மத், தாமிரம் ஆகிய இரு உலோகங்களின் சந்திப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத சிறு மின்னழுத்தத்தைப் பெற்று, அதைக் கொண்டே சோதனைகளை நடத்தினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்துக்கொள்ள அவர் எடுத்த இந்த முயற்சி, அவருடைய விதிக்கு இணையாகப் போற்றத்தக்கது என்பது என் எண்ணம்.

இந்த விதி மின்தடையாக்கிக்குப் பொருந்துவதைப் போல எல்.இ.டி.க்குப் பொருந்தாது. மேற்சொன்ன மூன்று சோதனைகளிலும் எல்.இ.டி.யின் குறுக்கே அளந்து பாருங்கள். மின்னோட்டம் ஏறத்தாழ ஐந்து மடங்கு மாறினாலும் அதன் மின்னழுத்தம் 2 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். ஓமின் விதி எல்லாப் பொருள்களுக்கும் உரிய இயற்கை விதி அன்று. ஒரு குறிப்பிட்ட வகைக் கடத்திகளின், வெப்பநிலை மாறாத நிலையிலான இயல்பு.

ஆறாம் படி: தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, இரண்டு 1,000 ஓம் மின்தடையாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். மொத்த மின்தடை 2,000 ஓம் ஆவதால் 3 மில்லி ஆம்பியர் ஓடும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 3 வோல்ட் இருக்கும். ஒன்றை 470 ஓமாக மாற்றினால் மின்னோட்டம் 4.1 மில்லி ஆம்பியராக உயரும்; 470 ஓமின் குறுக்கே 1.9 வோல்ட்டும் 1,000 ஓமின் குறுக்கே 4.1 வோல்ட்டும் வரும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் பொது. மின்னழுத்தம் மின்தடைக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது.

அடுத்து அதே இரண்டு 1,000 ஓமையும் பக்கவாட்டில், இரண்டின் முனைகளும் செல் முனைகளையே தொடும்படி இணையுங்கள். ஒவ்வொன்றும் முழு 6 வோல்ட்டையும் பெறுகிறது. ஒவ்வொன்றிலும் 6 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. செல்லிலிருந்து வெளியேறுவது 12 மில்லி ஆம்பியர். மின்தடையாக்கி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தோம், ஆனால் மொத்த மின்தடை 500 ஓமாகக் குறைந்துவிட்டது. தடையைக் கூட்டினால் தடை குறைவது எப்படி என்று இங்கே பலர் திகைப்பதுண்டு. கூட்டியது புதிய தடையை அன்று, மின்னோட்டத்துக்கு ஒரு புதிய வழியை என்று பார்த்தால் குழப்பம் நீங்கும்.

எல்.இ.டி.களைக் கொண்டும் இதைப் பார்க்க வேண்டும். 470 ஓமோடு இரண்டு சிவப்பு எல்.இ.டி.களைத் தொடராக இணைத்தால் மின்தடையாக்கிக்கு மிஞ்சுவது 2 வோல்ட் மட்டுமே. மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியரை ஒட்டிக் குறைந்து, இரண்டும் மங்கலாக எரியும். மூன்றாவதையும் சேர்த்தால் மின்தடையாக்கிக்கு ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. மூன்றும் மிக மங்கலாக எரியும் அல்லது எரியாது. பக்க இணைப்பில் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனி 470 ஓமைக் கொடுத்தால் மூன்றும் முழுமையாக ஒளிரும். ஒரே மின்தடையாக்கியை மூன்றுக்கும் பொதுவாக வைக்க வேண்டாம், எல்.இ.டி.களுக்கிடையே இருக்கும் மிகச் சிறிய வேறுபாட்டால் ஒன்று மின்னோட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் தொங்கிய பழைய இழைபல்புச் சீரியல் செட்டுகள் தொடர் இணைப்புக்கு நல்ல சான்று. 6 வோல்ட் சிறு பல்புகள் நாற்பதைத் தொடராக இணைத்து 230 வோல்ட்டில் மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் கிடைக்கும். ஒன்றின் இழை அறுந்தால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். வீட்டு மின்விசிறியும் விளக்கும் குளிர்பெட்டியும் பக்க இணைப்பில் இருப்பதால்தான் ஒன்றை அணைத்தாலும் மற்றவை 230 வோல்ட்டிலேயே இயங்குகின்றன.

ஏழாம் படி: பழுதைத் தேடுதல்

செல்கள், ஸ்விட்ச், தொடராக இரண்டு 1,000 ஓம் மின்தடையாக்கிகள் என்று சுற்றை அமையுங்கள். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையில் அளந்தால் சுழி வோல்ட். மின்தடையாக்கிகளில் மூன்று மூன்று வோல்ட். ஸ்விட்சைத் திறந்துவிட்டு அளந்தால், மின்தடையாக்கிகளில் சுழி வோல்ட். திறந்த ஸ்விட்சின் குறுக்கே முழு 6 வோல்ட். மின்னோட்டம் இல்லாததால் மின்தடையாக்கிகளில் இறக்கம் எதுவும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் சமமாக வேண்டும் என்பதால் 6 வோல்ட் முழுவதும் அறுந்த இடத்தில் வந்து நிற்கிறது. பழுதுநீக்குவோரின் கையிலிருக்கும் மிகச் சிறந்த கருவி இந்த அறிவு. ஓடாத ஒரு தொடர் சுற்றில் ஒவ்வொரு பகுதியின் குறுக்கேயும் அளந்துகொண்டே போனால், எங்கே முழு மின்னழுத்தம் தென்படுகிறதோ அங்கேதான் இணைப்பு அறுந்திருக்கிறது. எல்.இ.டி. உள்ள சுற்றில் இதைச் செய்தால் திறந்த ஸ்விட்சில் 6 வோல்ட்டைவிடக் குறைவாகவே காட்டும், ஏனெனில் மீட்டரின் வழியே போகும் நுண்ணிய மின்னோட்டமே எல்.இ.டி.யின் குறுக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் இருத்திவிடப் போதுமானது.

திறந்த சுற்றுக்கு நேர்மாறானது ஷார்ட் சர்க்யூட். செல்லின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த மிஞ்சுவது செல்லின் உள்தடை மட்டுமே. அது ஓர் ஓமின் சிறு பகுதியே ஆதலால் பல ஆம்பியர்கள் பாய்ந்து, செல்லும் கம்பியும் சூடேறும். இதைச் செய்து பார்க்கத் தேவையில்லை. ஆனால் உள்தடை என்ற ஒன்று எல்லா மின்மூலங்களுக்கும் உண்டு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வீட்டு விளக்குகள் மங்குவது, மின்மாற்றியிலிருந்து வீடுவரை வரும் கம்பிகளின் தடையில் சில வோல்ட் இறங்கிவிடுவதால்தான்.

எட்டாம் படி: திறன், வெப்பம், யூனிட்

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் வாட்டில் கிடைக்கும். நமது முதல் சுற்றில் மின்தடையாக்கி 4 வோல்ட்டில் 8.5 மில்லி ஆம்பியர் என்ற அளவில் 34 மில்லிவாட்டை வெப்பமாக்குகிறது. கால் வாட் என்பது 250 மில்லிவாட் ஆதலால் அது கைக்குச் சூடாகத் தெரிவதில்லை. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் அது ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். 75 வாட் மின்விசிறி நாள் முழுவதும் ஓடினால் 1.8 யூனிட் ஆகும்.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது என்று ஜேம்ஸ் ஜூல் 1841 ஆம் ஆண்டில் காட்டினார். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். மின்பலகையிலிருந்து 10 மீட்டர் தொலைவில் அது இருந்தால், போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர் கம்பி வேண்டும். 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் அதன் தடை ஏறத்தாழ 0.34 ஓம், அதில் 26 வாட் வெப்பமாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடை 0.14 ஓமாகவும் வெப்பம் ஏறத்தாழ 10 வாட்டாகவும் குறையும். கீசருக்கும் ஏ.சி.க்கும் தடித்த கம்பியையும் 16 ஆம்பியர் சாக்கெட்டையும் மின்பணியாளர் வலியுறுத்துவதன் காரணம் இதுதான். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கீசரை மாட்டுவது, அந்த வெப்பத்தை மெல்லிய கம்பிக்குள்ளும் தளர்ந்த தொடுமுனைக்குள்ளும் அடைத்து வைப்பதாகும்.

ஒன்பதாம் படி: வீட்டு மின்பலகையைப் படித்தல்

இந்தியாவில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். ஒரு நொடியில் 50 முறை முழுச் சுழற்சியை முடிக்கும் இந்த மின்னோட்டத்துக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்ற வளையம் தேவை. ஃபேஸ், நியூட்ரல் என்பவை அவ்விரண்டு. மின்மாற்றியில் நியூட்ரல் தரையோடு இணைக்கப்பட்டிருப்பதால், தரையில் நிற்பவர் ஃபேஸை மட்டும் தொட்டாலும் உடல், தரை, மின்மாற்றி என்று வளையம் பூர்த்தியாகிவிடுகிறது. ஒற்றைக் கம்பியில் அமர்ந்திருக்கும் காகத்துக்கு அந்த வளையம் இல்லாததால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஸ்விட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணைந்திருந்தாலும் அதன் உள்முனைகளில் தரையைப் பொறுத்து 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

கருவியின் உலோக உடலைத் தரையோடு இணைக்கும் எர்த் கம்பி சாதாரண நேரத்தில் மின்னோட்டம் எதையும் சுமப்பதில்லை. கிரைண்டரின் உள்ளே ஃபேஸ் கம்பி உரசி உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் தொடுபவரின் உடல்வழியே அல்லாமல் எர்த் வழியே பெருமளவில் பாய்ந்து, மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி.யை விழச் செய்வதே அதன் பணி. எம்.சி.பி. காப்பது கம்பியை. 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஒருவர் உடலில் பாயும் 0.2 ஆம்பியர் பொருட்படுத்தத்தக்க அளவே அன்று, அது விழாது.

மனிதரைக் காக்க வேறொன்று தேவைப்படுகிறது. ஆர்.சி.சி.பி. செய்வது நாம் மூன்றாம் படியில் செய்த அதே அளவீட்டை. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. யாரோ ஒருவரின் உடல்வழியே தரைக்கு ஒரு பங்கு கசிந்தால் இரண்டும் சமமாக இராது. மிஞ்சிய காந்தப்புலம் வளையத்தில் சுற்றப்பட்ட மூன்றாவது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டில் விழும் வகையே பொருத்தமானது. விளக்குகளும் மின்விசிறிகளும் மின்னோட்டத்தைச் செலவழித்துவிடுவது உண்மையாயிருந்தால், இப்படியொரு கருவியை அமைத்திருக்கவே இயலாது.

இதன் எல்லையும் அதே விதியிலிருந்தே வருகிறது. ஒருவர் தரையிலிருந்து விலகி நின்று ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் தொட்டால், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும். அவரை ஒரு மின்விசிறியிலிருந்து வேறுபடுத்தி அறிய ஆர்.சி.சி.பி.யால் முடியாது. அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டிலும் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் எந்த இணைப்பையும் திறக்கக் கூடாது. அளவுக்கு மீறிய சுமையையும் அது தடுப்பதில்லை, அதற்கு எம்.சி.பி. தனியே இருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் டெஸ்ட் என்ற பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தும்போது ஒரு மின்தடையாக்கியின் வழியே சிறிதளவு மின்னோட்டம் அந்தக் காந்த வளையத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் திருப்பிவிடப்படுகிறது. கருவி நல்ல நிலையில் இருந்தால் உடனே விழும். கணினி போன்றவற்றை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை இதை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போதும் அது விழாவிட்டால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அதை மாற்றிவிட வேண்டும். பொத்தான் சரியாக வேலை செய்வது கருவி நலமாக இருப்பதை மட்டுமே காட்டும். எர்த் இணைப்பு நலமாக இருக்கிறதா என்பதை மின்பணியாளர் தனியே அளந்து சொல்ல வேண்டும்.